கூட வந்தவர் வெளியே நிற்கவும்

எங்கள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் அக்காவுக்குப் படக்காரி என்று பெயர். வைத்தவர் அவள் புருஷன். சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு, "படக்காரி இருக்காளா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார். "என் எலும்பையெல்லாம் எண்ணி வெச்சிருக்கா. ஒண்ணு கொறைஞ்சாலும் வீட்டுக்குள்ள விடமாட்டா" என்பார்.

நான் அங்கே தரை துடைக்கிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள், பேச்சும் அவ்வளவு வராது. வாளியோடு நிற்பவளை யாரும் பார்ப்பதில்லை. அதனால் நான் எல்லோரையும் பார்க்கலாம். பதினோரு வருடத்தில் அதிகம் பார்த்தது அக்காவைத்தான்.

எக்ஸ்ரே அறைக் கதவில் ஒரு பலகை தொங்கும்: "கூட வந்தவர் வெளியே நிற்கவும்." கதிர் படக்கூடாது என்பதற்காக வைத்தது. அக்கா அதில் கறார். பெரிய மனிதர் ஒருவர் மனைவியோடு உள்ளே நுழையப் பார்த்து, "நான் யார்னு தெரியுமா?" என்றார். "இங்க படத்துல எல்லாரும் ஒரே மாதிரிதான் விழுவீங்க. வெளிய நில்லுங்க" என்றாள்.

மற்ற இடங்களில் சில புருஷன்மார் மனைவியைப் பேசவே விடமாட்டார்கள். டாக்டர் பெண்ணிடம் கேட்பார், பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வரும்: "படியில விழுந்துட்டா." படி பாவம், எத்தனை பழியைத்தான் சுமக்கும்.

அக்காவை அப்படி ஏமாற்ற முடியாது. "கையை ஊனி விழுந்தா மணிக்கட்டு போகும். தலைக்கு வந்த அடியைக் கையைத் தூக்கித் தடுத்தா, நடுக்கையில, சுண்டுவிரல் பக்கத்து எலும்பு ஒடையும்" என்று ஒருநாள் எனக்குப் படத்தைக் காட்டிச் சொன்னாள். அதனால் கதவைச் சாத்தியதும், அந்த ஐந்து நிமிடத்தில், அவள் ஒரு கேள்வி கேட்பாள்: "வீட்ல பயமில்லாம இருக்கியாம்மா?" பலர் வெறுமனே தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் அழுவார்கள். அவர்களுக்குப் பெண்கள் உதவி எண்ணைச் சொல்லி அனுப்புவாள்.

அப்படி ஒருமுறை பெரிய தப்பு நடந்தது.

ஒல்லியாக ஒரு பெண், விரல் வீங்கி வந்தாள். எண்ணைச் சொன்னால் மறந்துவிடும் என்றாள். அக்கா துண்டுச் சீட்டில் எழுதிப் பட உறைக்குள் வைத்தாள். வெளியே நின்ற புருஷன் உறையை வாங்கி, படத்தை உருவி வெளிச்சத்தில் பிடித்தான். சீட்டு கீழே விழுந்தது. நான் துடைத்துக்கொண்டிருந்த ஈரத்தில்தான் விழுந்தது. குனிந்து எடுத்தான், படித்தான், சட்டைப் பையில் வைத்தான். "ரொம்ப நன்றி சிஸ்டர்" என்று சிரித்தான்.

அதற்கப்புறம் மூன்று மாதம் அவளைக் காணவில்லை. அக்கா சாப்பாட்டை அப்படியே திருப்பி அனுப்பினாள். "அன்னிக்கு அவ வாங்கின அடி என் கையெழுத்துக்கு விழுந்த அடி" என்றாள். அக்கா புருஷன் ஜோக் சொல்லாமல் பாத்திரத்தை எடுத்துப் போனார்.

அழுதுகொண்டே இருக்கவில்லை அக்கா. அதே எண்ணுக்குத் தானே பேசினாள். அடைக்கல வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருத்தர் கிடைத்தார். அவர் சொன்னது மூன்றே விஷயம். காகிதம் கொடுக்காதே. போகச் சொல்லி அவசரப்படுத்தாதே. கிளம்புகிற நாள்தான் ஆபத்தான நாள், அன்றைக்குத் தனியாக விடாதே.

அந்தப் பெண் மறுபடி வந்தாள். இப்போது நடுக்கை, சுண்டுவிரல் பக்கம். கதவு சாத்தியதும் அவளே பேசினாளாம். "போயிடறேன்க்கா. ஆனா பாப்பா பள்ளிக்கூடத்துல இருக்கா. அவள விட்டுட்டு வரமாட்டேன்."

"பள்ளிக்கூடம் இல்லாத நாள்ல?"

"வீட்ல விட ஆளில்ல. எங்க போனாலும் கூடத்தான் வருவா."

அக்கா நேராக எலும்பு டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். "மறுபடி படம் எடுக்கற தேதியைச் சனிக்கிழமை போடுங்க டாக்டர்."

"சனிக்கிழமை நமக்குப் பாதி நாள்தானேம்மா."

"பாதி நாள் போதும்."

அவர் சீட்டில் தேதியை எழுதி, முத்திரையும் குத்தினார். வெளியே புருஷன் அதை இரண்டு தரம் படித்தான். கட்டுப் போட்டவர்களுக்கு எழுதும் சாதாரணச் சீட்டு. மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

நாலு வாரம் கழித்து, சனிக்கிழமை காலை, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே இரண்டு பேரையும் அவனே வண்டியில் கூட்டிவந்தான்.

எக்ஸ்ரே அறைக்குப் பின்கதவு ஒன்று உண்டு. அது ஊழியர் நடையில் திறக்கும். பெண்கள் கழிவறையும் அங்கேதான். அந்த நடை முடியும் வாசலில் அடைக்கல வீட்டு அம்மா ஆட்டோவோடு நின்றார். பெண் உள்ளே போய்விட்டாள். கதவு சாத்தியாயிற்று. பாப்பா அப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதைக் கூட்டிவருவது என் பொறுப்பு. நாலு வாரமாக ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பழகியிருந்தேன், நேரம் வந்ததும் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

பாப்பாதான் ஆரம்பித்தது. "அப்பா, பாத்ரூம்."

"கொஞ்ச நேரம் அடக்கு."

"முடியல."

அவன் எழுந்தான். நான் வாளியைக் கீழே வைத்தேன். "அது பொம்பளைங்க பக்கம் சார். நான் கூட்டிட்டுப் போறேன்." அவன் முதல்முறையாக என்னைப் பார்த்தான். "சீக்கிரம்" என்று உட்கார்ந்தான்.

நடையில் அந்தச் சின்னக் கை என் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. பின்கதவு திறந்தது. கட்டுக் கையோடு பாப்பாவின் அம்மா நின்றாள். இருவரையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ போய்விட்டது.

அரை மணி நேரம் கழித்து அவன் கதவை இடித்தான். காவலாளிகள் இருவர் வந்து நின்றார்கள். "எங்க அவ?" என்றான். "படம் எடுத்தாச்சு, போயிட்டாங்க" என்றாள் அக்கா. "கூட வந்தவங்களை நான் கவனிக்கறதில்ல. போர்டைப் பாருங்க." பிறகு மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார். எலும்பு டாக்டரும் கூடப் போய் நின்றார். ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குப் பாத்திரம் காலியாகத் திரும்பிப் போனது. "எலும்புல சதை வெச்சிருச்சு" என்றார் அக்கா புருஷன்.

அந்த வீடு எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் நல்லது என்றாள் அக்கா.

போன வாரம் கை கூடியிருக்கிறதா என்று பார்க்கத் தாயும் மகளும் வந்தார்கள். அடைக்கல வீட்டு அம்மா சீட்டு வாங்குமிடத்தில் நின்றார். தாய் கொஞ்சம் சதை பிடித்திருந்தாள். உள்ளே போகும்போது மகளிடம் பலகையைக் காட்டி, "படிச்சியா? கூட வந்தவங்க வெளிய நிக்கணும்" என்றாள். பாப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் என் வாளியையே பார்த்தது.

"ஆன்ட்டி."

"என்னடா?"

"இன்னிக்கு நிஜமாவே பாத்ரூம் போகணும்."