பிளாஸ்திரிக்குப் போட்ட தேதி

எங்கள் வேலையில் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைப் பார்க்க வேண்டும். அரியலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி லேபில் இருந்தேன். குளுக்கோஸ் ஏற்றும் ஊசி வழியாக ரத்தத்தில் கிருமி சேராமல் பார்ப்பதும் என் பொறுப்பு. ஊசி குத்திய தேதியை மேலே ஒட்டும் பிளாஸ்திரியில் எழுதுவோம். மூன்று நாளானால் ஊசியை எடுத்துவிட வேண்டும். வார்டில் வாய் திறக்கப் பயந்தவர்களுக்கு மீதி புரியும்.

எடுக்க வேண்டாம்

உடையார்பாளையத்தில் முந்திரி உடைக்கும் செல்வியை வயிற்றுப்போக்கு என்று சேர்த்தார்கள். ஐந்தாவது குத்தில்தான் நரம்பு கிடைத்தது. மறுநாளே போக்கு நின்றது. ஊசியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களால் அதை மூடிக்கொண்டாள். "இருக்கட்டும்க்கா. எடுத்தா வூட்டுக்கு அனுப்பிருவாங்க. இங்கதான் நாலு நாளு படுக்க முடியும்."

கை கழுவுதல்

பெரிய டாக்டர் பக்கத்துக் கட்டில்காரரின் புண்ணைத் தொட்டுவிட்டு, அதே கையால் செல்வியின் ஊசியை அழுத்திப் பார்த்தார். "சார், கை..." என்றேன். எனக்கே கேட்கவில்லை. "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்ல சார்." அவர் போனதும் வார்டு சிஸ்டர் சிரித்தார். "நல்லவேள வாய மூடுன. அவரு கை கழுவுறதுக்குள்ள உன்னயக் கை கழுவிருப்பாங்க."

புதுப் பிளாஸ்திரி

மூன்றாம் நாள் செல்வி முகம் கழுவும்போது பிளாஸ்திரி நனைந்து உரிந்தது. சிஸ்டர் புதிது ஒட்டி, அன்றைய தேதியைப் போட்டார். வார்டு முழுக்கப் பார்க்க வேண்டிய கைகள். நான் தேதியை மட்டும் படித்து, இன்னும் நாள் இருக்கிறது என்று தாண்டிப் போனேன். பலவீனம் என்று டாக்டரும் குளுக்கோஸ் பாட்டிலை நிறுத்தவில்லை. ஆறாம் நாள் குளிர் நடுக்கத்தில் கட்டிலே ஆடியது. பிளாஸ்திரியைப் பிரித்தால் ஊசியடியில் சீழ். ரத்தத்திலும் அதே கிருமி வளர்ந்தது. தேதியைக் காட்டி சிஸ்டரிடம் கேட்டேன். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "பிளாஸ்திரி அன்னைக்குத்தானேம்மா ஒட்டுனேன்?"

கணவர் சொன்ன காரணம்

தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். செல்வி பிழைக்கவில்லை. சீட்டுகளை வாங்கிப் போக வந்த கணவர் லேப் வாசலில் நின்றார். நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். அதற்குள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "நீங்கள்லாம் நல்லாத்தாங்க பாத்தீங்க. நாந்தான் ஒருநா லேட்டா கூட்டியாந்துட்டேன்."

அடுத்த வாரமே ஊசிக்கென்று தனி நோட்டுப் போட்டோம். குத்திய நாள், எடுத்த நாள், குத்தியவர் பெயர் என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு, நான் வாய் திறக்காததற்கு மட்டும் இல்லை.