கடைசி இரண்டு சுற்று

என்னை மேடையில் அறிமுகப்படுத்துகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். "ஒரே ஒரு வருஷம் தவிர, சார் இருந்த காலம் முழுக்க ஒட்டுமொத்த சாம்பியன் கோப்பை நம்ம காலேஜுக்குத்தான்." கூட்டம் கைதட்டும். நான் அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளுக்கு பி.டி. சார். எங்கள் மைதானம் கரிசல் மண். மழை பெய்தால் ஷூவோடு காலையும் பிடித்து இழுக்கும், வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஒவ்வொரு ஆண்டும் வெடிப்பில் செம்மண் கொட்டி, ரோலர் இழுத்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு ஓடுதளம் ஆக்குவோம். வெங்காயக் காட்டிலும் சோளக் காட்டிலும் வேலை செய்துவிட்டு வருகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு திருச்சியின் பெரிய கல்லூரிகளைத் தோற்கடித்தேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய்.

எப்படி ஜெயித்தேன் என்பதைச் சொல்கிறேன். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் முதலிடத்துக்கு ஐந்து புள்ளி, இரண்டாமிடத்துக்கு மூன்று, மூன்றாமிடத்துக்கு ஒன்று. ஒரு போட்டிக்கு ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு பேர்தான் இறங்கலாம். எல்லாப் புள்ளிகளையும் கூட்டி, அதிகம் எடுத்த கல்லூரிக்குக் கோப்பை. நூறு மீட்டருக்கு ஆளுக்கு ஆள் முட்டி மோதுவார்கள். நான் ஆள் வராத இடமாகப் பார்ப்பேன். சங்கிலிக் குண்டு எறிதல், தடை தாண்டி ஓடும் நெடுந்தூர ஓட்டம், பெண்களுக்கான நடைப்போட்டி. அங்கே இறங்குகிறவர்களே நாலைந்து பேர் இருப்பார்கள். ஒழுங்காகப் பயிற்சி எடுத்த ஒருத்தி போதும், ஐந்து புள்ளி உறுதி. அந்த ஐந்துக்கும் நூறு மீட்டரில் கிடைக்கும் ஐந்துக்கும் கோப்பையின் கணக்கில் வித்தியாசம் கிடையாது. மற்ற பி.டி.க்கள் என்னைத் தந்திரக்காரன் என்பார்கள். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அப்படி நடைப்போட்டிக்கு நான் தேர்ந்தெடுத்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். செந்துறைக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா இல்லை. அம்மா முந்திரி உடைக்கும் கொட்டகையில் கூலி வேலை. வீட்டிலிருந்து வேகமாக நடந்து வந்து பஸ் பிடித்து, அரியலூரில் இறங்கி வேறு பஸ் மாறி, கல்லூரிக்கு வருவாள். முதலாண்டில் மைதானத்துக்கு வந்து நின்றபோது, "எண்ணூறு மீட்டர் ஓடணும் சார்" என்றாள். பள்ளியில் ஓடியிருக்கிறாளாம். அவளுடைய ஊர்ப் பக்கத்து அக்கா ஒருத்தி எண்ணூறு ஓடிப் பதக்கம் வாங்கி, விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போனதைப் பார்த்திருக்கிறாள். அதே வழியில் தானும் போக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணம் இல்லை.

எண்ணூறுக்கு என்னிடம் ஏற்கெனவே இரண்டு பெண்கள் இருந்தார்கள். முதல் இரண்டு இடமும் அவர்களுக்குத்தான். இவளை அங்கே இறக்கினால் அவர்களில் ஒருத்தியை எடுக்க வேண்டும். இவள் முதலாவதாக வந்தாலும் கல்லூரிக்குப் புதிதாக ஒரு புள்ளிகூடச் சேராது. ஆனால் அவள் நடந்து வந்ததைப் பார்த்திருந்தேன். முதுகு நேராக, முழங்கால் மடங்காமல், குதிகால் ஊன்றி வந்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

"நீ வாக் பண்ணும்மா."

"நடக்குறதுக்கா சார் காலேஜுக்கு வந்தேன்?" என்று சிரித்தாள். பிறகு, "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

நடைப்போட்டி பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு கால் எப்போதும் தரையில் பட்டிருக்க வேண்டும். ஊன்றிய முழங்கால் மடங்கக் கூடாது. அந்த விதிக்குள் வேகம் எடுத்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். இரண்டு காலும் தரையை விட்டு எழும்பினால் அது ஓட்டம், நடுவர்கள் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றிவிடுவார்கள். இந்தப் பயிற்சிக்கு எங்கள் கரிசல் மண் ஆகாது, தார்ச்சாலை வேண்டும். ஆகவே காலையில் அரியலூர் சாலையில் அவள் நடப்பாள், நான் மொபெட்டில் பின்னால் போவேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் போகும் சாலை. ஒரு நாள் லாரி கிளீனர் ஒருவன் தலையை நீட்டிக் கத்தினான்.

"ஏ தங்கச்சி, பஸ்ஸு போயிடப் போவுது, ஓடேன்!"

"ஓட வுட மாட்டேங்குறாருண்ணே!" என்று என்னைக் கைகாட்டினாள். லாரியே சிரித்துக்கொண்டு போனது. நானும் சிரித்தேன்.

அந்த நடை அவளுடைய ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. பஸ் நிறுத்தத்தில் பையன்கள் இடுப்பை ஆட்டி நடந்து காட்டினார்களாம். அவளுடைய அம்மா என்னைத் தேடி வந்தார். விளையாட்டு அறை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கறுத்த கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஓடுனா ஓடட்டும் சார், வேணாங்கல. இந்த நடை வேணாங்க. ஊர்ல வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டேங்குறாங்க."

"இது உலக அளவுல நடக்குற விளையாட்டும்மா. தெரியாதவங்க சிரிப்பாங்க. நாமதான் மாத்தணும்" என்றேன்.

சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அதனால்தான் அது இன்றைக்கும் உறுத்துகிறது. என் மனதில் இருந்தது ஐந்து புள்ளி. வாயில் வந்தது சீர்திருத்தம். அந்த அம்மாள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவள் இரண்டு ஆண்டு நடந்தாள். இரண்டு ஆண்டும் முதலிடம், இரண்டு ஆண்டும் கோப்பை எங்களுக்கு. பல்கலைக்கழக அணியில் பெண்கள் நடைக்கு ஆள் எடுப்பதில்லை, ஆகவே அதற்குமேல் அவளுக்குப் போக வழியில்லை. எண்ணூறு ஓடியவர்களுக்கு இருந்தது. இடையிடையே ஒன்றைத்தான் கேட்பாள்.

"சார், ஒரே ஒரு தடவ எண்ணூறுக்கு எனக்கு வாட்ச் புடிங்க சார். ஓடிக் காட்டுறேன்."

"மீட் முடியட்டும்" என்பேன். மீட் முடிந்ததும், "பரீட்சை முடியட்டும்" என்பேன். என் கழுத்தில் எப்போதும் ஸ்டாப்வாட்ச் தொங்கும். அவள் ஓட்டத்துக்கு ஒரு முறைகூட அதை அமுக்கியதில்லை.

மூன்றாம் ஆண்டுப் போட்டி அரியலூர் மைதானத்தில் நடந்தது. அன்றைய அட்டவணையில் பெண்கள் நடை முடிந்ததும் எண்ணூறு மீட்டர் இறுதி. திருச்சிக் கல்லூரி ஒன்று எங்களோடு ஏறக்குறைய சமமாக இருந்தது. நடைப்போட்டியின் ஐந்து புள்ளியை நான் ஏற்கெனவே எங்கள் கணக்கில் சேர்த்துவிட்டிருந்தேன். அவளும் வெகு தூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். எண்ணூறுக்கான பெண்கள் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ மாட்டிக்கொண்டு உள்வட்டத்தில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அவர்களைக் கடந்துதான் அவள் போக வேண்டும். அவர்களை அவள் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன். கழுத்தை நேராக வை என்று கத்தினேன்.

இரண்டு சுற்று பாக்கி இருக்கும்போது அவள் ஓட ஆரம்பித்தாள்.

கால் தவறியது என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. கோட்டைத் தாண்டியதும் உடம்பை முன்னால் சாய்த்து, கையை மடக்கி, முழு வேகத்தில் ஓடினாள். நடுவர் சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே கொஞ்ச தூரம் போனார். கூட்டம் சிரித்தது, விசில் அடித்தது. எனக்குப் பழக்கமான நடுவர் ஒருவர் தோளைத் தட்டி, "என்ன சார், ஒங்க புள்ள பஸ்ஸ புடிக்கப் போவுதா?" என்றார். நான் வாட்ச்சை அமுக்கி நிறுத்தி, பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கடைசிச் சுற்றில் சிரிப்புச் சத்தம் குறைந்ததும், உள்வட்டத்தில் இருந்த பெண்கள் சும்மா நின்று பார்த்ததும் நினைவிருக்கிறது. இரண்டு சுற்றையும் முடித்துக் கோட்டைத் தாண்டி, என் எதிரில் வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. முகத்தில் பயம் இல்லை. ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

நான் கேட்கவிடவில்லை. எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "நீயெல்லாம் முந்திரி பொறுக்கத்தான் லாயக்கு. போ."

கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவளுடைய அம்மா நின்றிருந்தார். அரியலூர்தானே, பக்கத்து ஊர் என்று மகளைப் பார்க்க வந்திருக்கிறார். அதற்கு அப்புறம்தான் நான் அவரைப் பார்த்தேன். இருவரும் போனார்கள். அந்த ஐந்து புள்ளி இல்லாததால் கோப்பையும் போனது.

அதன்பின் அவள் மைதானத்துக்கு வரவில்லை. கல்லூரி கொடுத்த ஷூவைக் கழுவிக் காயவைத்து, தோழி கையில் கொடுத்தனுப்பியிருந்தாள். நான் அவளைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. அடுத்த ஆண்டு நடைக்கு வேறொரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தேன். கோப்பை திரும்ப வந்தது.

பல ஆண்டுகள் கழித்து, நான் ஓய்வு பெற்றபின், கல்லூரியில் எனக்கு ஒரு பாராட்டு விழா நடத்தினார்கள். அதே வாக்கியம், அதே கைதட்டல். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அந்தக் காலத்து எண்ணூறு மீட்டர் பெண்களில் ஒருத்தி. ஓட்டத்தில் வாங்கிய பதக்கத்தால் போலீஸ் வேலைக்குப் போனவள், இப்போது சப்-இன்ஸ்பெக்டர்.

"இப்ப சொல்லலாம்ல சார்," என்று ஆரம்பித்தாள். "நீங்க டீ குடிக்கப் போற நேரத்துல நானும் அந்த செந்துறை வாக் புள்ளையும் எண்ணூறு ஓடுவோம். அவள ஒரு நாளும் நான் முந்துனதில்ல. ஒங்களுக்குத் தெரிஞ்சா என்னைய எடுத்துட்டு அவள போட்டுருவீங்கன்னு பயந்து யாருக்கும் சொல்லல."

"அப்படியா" என்றேன்.

எனக்குத் தெரியும். ஒரு மாலை டீக்கடையிலிருந்து சீக்கிரம் திரும்பிவிட்டேன். மைதானத்தின் கடைசி வளைவில் இருவரும் வந்துகொண்டிருந்தார்கள். இடைவெளி அதிகம். முன்னால் வந்தவள் யார் என்று பார்த்தேன். மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போய் இன்னொரு டீ குடித்தேன். பார்க்காதவனாக இருந்தால் அணியை மாற்ற வேண்டியதில்லை. இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

இலையை மூடினேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று சப்-இன்ஸ்பெக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாள் அரியலூர் போய் அங்கிருந்து செந்துறை பஸ் ஏறினேன்.

முந்திரிக் கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை தட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் இருந்தவள் நிமிர்ந்து பார்த்து எழுந்தாள். நரை தெரிந்தது. கொட்டைப் பால் பிடிக்காமல் இருக்கக் கையில் சாம்பல் பூசியிருந்தாள். அந்தக் கை அவள் அம்மாவின் கையைப் போலவே இருந்தது.

"சாரா? வாங்க சார். இம்புட்டுத் தூரம் வெயில்ல வந்திருக்கீங்க." ஒரு சாக்கை உதறி, பிளாஸ்டிக் நாற்காலியில் விரித்தாள்.

"ஆருடி?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"எங்க காலேஜு பி.டி. சாரு."

"என்னா சொல்லிக் குடுத்தாரு?"

"நடக்கச் சொல்லிக் குடுத்தாரு."

"அதுக்கு ஒரு வாத்தியாரா!" என்று ஒருத்தி சொல்ல, கொட்டகை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். கேலியாகச் சொன்னாளா, நடந்ததைத்தான் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றோம். அம்மா இறந்துவிட்டாராம். அரியலூரில் சொன்ன அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். டீக்கடையிலிருந்து திரும்பி வந்து பார்த்ததையும் சொன்னேன்.

"தெரியும் சார். மொபெட்டு சத்தம் கேட்டுச்சு," என்றாள். "பாத்துட்டாரு, நாளைக்கிக் கூப்புடுவாருன்னு நெனச்சேன்."

பிறகு, கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அன்னிக்கு அரியலூர்ல கடைசி ரெண்டு சுத்து ஓடுனேன்ல சார். அது எண்ணூறுதான். ஒங்க கையில வாட்ச் இருந்துச்சு. எவ்வளவு வந்துச்சு சார்?"

அன்றைக்கு என் முன்னால் நின்று அவள் கேட்க வாயெடுத்தது இதைத்தான்.

ஒரு நல்ல நேரம் சொல்லியிருக்கலாம். எந்த நேரம் சொன்னால் நம்பும்படியாக இருக்கும், எந்த நேரம் சொன்னால் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்திருக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. சொல் நாக்கு வரை வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் உலக அளவு விளையாட்டு என்று பேசிய அதே வாய்தானே இது என்று தோன்றியது.

"பாக்கலம்மா. நீ ஓட ஆரம்பிச்சதுமே வாட்ச்ச நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டீங்களா," என்றாள். சாம்பல் பூசிய கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டாள். "நல்லா ஓடுன மாதிரிதான் இருந்துச்சு. தெரியல."

உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "பஸ்ஸு இப்ப வந்துரும், ரோட்டுக்குப் போயிருங்க சார். வுட்டா அப்புறம் ரொம்ப நேரம் ஆவும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மெதுவாக, சாதாரணமாக, எல்லோரையும் போலத்தான் நடந்து போனாள்.

நான் ரோட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பஸ் வந்தது. என்னால் ஓட முடியவில்லை. கண்டக்டர் பார்த்துவிட்டு நிறுத்தி வைத்திருந்தார்.