முசுறு ஏறிய மரங்கள்

மீன்சுருட்டியை ஒட்டி நர்மதாவுக்கு இருபது முந்திரி மரங்கள் இருந்தன. தை மாதம் பூவுக்கு மருந்தடிக்கப் போன அவள் கணவன் ராஜதுரை, தோப்பிலேயே மயங்கி விழுந்து மூன்றாம் நாள் இறந்துபோனான்.

மறுவருஷம் அவள் மருந்து வாங்கவில்லை. மார்கழியில் தளிர்கள் கருகத் தொடங்கின. ஆனால் எல்லா மரமும் கருகவில்லை. ஏன் என்று தெரியாமல் தினமும் மரம் மரமாக நின்று பார்த்தாள். கருகிய மரங்களின் அடியில் கட்டெறும்புதான் திரிந்தது. பச்சையாக நின்ற ஏழு மரங்களில் முசுறு என்னும் செவ்வெறும்பு இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டியிருந்தது. தளிரில் சாறு உறிஞ்ச வந்த பூச்சியை நாலைந்து முசுறுகள் கால்களைக் கவ்வி இழுத்துப் போவதைப் பார்த்தாள்.

கொழுந்தன் செல்லமுத்து ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தான்.

"அண்ணி, முசுறு இருந்தா கடிக்குப் பயந்து கொட்டை பொறுக்க ஆள் வராதுங்க. நான் அடிச்சிடறேன்."

"நானே பொறுக்கிக்கிறேன் தம்பி. இன்னொருத்தர இந்தத் தோப்புல வுழ வுடமாட்டேன்."

அவன் ஸ்பிரேயரை இறக்கி வைத்தான். முசுறு மற்ற மரங்களுக்கும் ஏற, இருவருமாக மரத்துக்கு மரம் கயிறு கட்டினார்கள். இரண்டு நாள் தயங்கிய முசுறு, மூன்றாம் நாள் கயிற்றில் வரிசையாக நடந்தது.

சித்திரையில் பதினாறு மரங்கள் காய்த்தன. கடிபட்டுத் தடித்த கைகளோடு செல்லமுத்துவின் பக்கத்தில் கொட்டை பொறுக்கிய நர்மதா, சட்டென்று தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அவரு இருந்தப்பவும் இந்த முசுறுங்க இங்கதான இருந்துச்சு தம்பி. நாமதான் பாக்கல."