சந்தேகத்தாரும் மாப்பிள்ளை லாரியும்

குப்பைமேட்டு வாட்ச்மேனுக்குப் பெற்றோர் ஆசையாய் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி அவர் சந்தேகத்தார். எடை பார்க்கப் போனால் முதலில் மிஷினைச் சந்தேகிப்பார், இறங்கியபின் தன்னைச் சந்தேகிப்பார். அப்பேர்ப்பட்டவருக்கு நகராட்சி கொடுத்த உத்தியோகம், உள்ளே வரும் லாரியையெல்லாம் சந்தேகிப்பது. கரும்பு தின்னக் கூலி.

வாசலின் இரு பக்கமும் ஆளுயரச் சாம்பல் நிறப் பெட்டிகள் நின்றன. கதிர்வீச்சுள்ள எது நடுவே போனாலும் சைரன் அலறும். பெரிய அணுக் கழிவைக் கண்ணாடியோடு உருக்கி, எஃகுப் பீப்பாயில் அடைத்துப் பாதாளத்தில் புதைக்க நாடுகள் இடம் தேடுகின்றன. பல நாடுகள் தேடிக்கொண்டே இருக்கின்றன. ஆஸ்பத்திரிச் சில்லறைக் கழிவுக்கு அவ்வளவு மரியாதை இல்லை. ஈயம் பதித்த அறையில் பூட்டிப் போட்டால் நாளடைவில் தானே அடங்கிவிடும். கிடப்பில் போட்டே தீர்க்கக்கூடிய பிரச்சினை என்பதால் அலுவலகங்களுக்கு இதன்மேல் தனிப் பாசம். அடங்குமுன்னே எவனாவது குப்பையில் கலந்தால் பிடிக்கத்தான் சந்தேகத்தார்.

அன்று காலை தங்கை போன் செய்தாள். அவள் புருஷன் குப்பை லாரி டிரைவர்.

"அண்ணா, இவர் போக்கே சரியில்ல. ட்ரெயினிங்னு சொல்லிட்டு நாலு நாள் காணாமப் போனார். குப்பை அள்ள என்ன ட்ரெயினிங்? வந்ததிலிருந்து தனி ரூம்ல படுக்கை. குழந்தை ஓடி வந்தா ஒதுங்குறார். இன்னைக்குத்தான் மறுபடி வேலைக்கே கிளம்பினார். ஆளும் இளைச்சு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டார். எவளுக்காம் இந்த அழகு? விசாரிச்சுச் சொல்லு. இல்லேன்னா இன்னைக்கே குழந்தையோட உன் வீட்டுக்கு வந்துடுவேன்."

சந்தேகத்தாரின் வீடு இரண்டே அறை. தங்கையின் வாழ்க்கையை நினைத்து நெஞ்சு கனத்தது. பாயை எங்கே விரிப்பது என்று தலையும் கனத்தது.

மாப்பிள்ளை லாரி வாசலில் நுழைந்தது. சைரன் அலறியது.

டிரைவரை இறக்கிவிட்டு வேறொருவர் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. இறக்கினால் ஓடிவிடுவார் என்பது சந்தேகத்தாரின் கட்சி.

"சீட்டை விட்டு அசையாதீங்க மாப்பிள்ளை!"

"என்ன மச்சான், கொலைக் கேஸா?"

"நாலு நாள் எங்க போனீங்க? எந்த ஆஸ்பத்திரிக் குப்பையைத் திருட்டுத்தனமா ஏத்துனீங்க?"

லோடு மொத்தமும் கொட்டப்பட்டது. கதிர்வீச்சு பட்டால் பொரியும் கைமீட்டரை வைத்து உடைந்த நாற்காலி, கிழிந்த மெத்தை, காலில்லாத பொம்மை எல்லாவற்றையும் விசாரித்தார். எல்லாம் நிரபராதிகள். காலி லாரி வாசலைக் கடந்தது; சைரன். லாரியைக் கழுவினார்கள், மறுபடி சைரன்.

"அண்ணே, லாரியைக் குளிப்பாட்டினது போதும். ஓட்டுறவரை இறக்குங்க" என்று புல்டோசர்காரர் தானே ஏறி ஓட்டினார். வாசல் வாயே திறக்கவில்லை.

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவர் தலை குனிந்தபடி பெட்டிகளுக்கு நடுவே நடந்தார். சைரன் ஊரைக் கூட்டியது.

"தைராய்டு மச்சான். கதிர்வீச்சு மாத்திரை குடுத்துத் தனியா வச்சிருந்தாங்க. இன்னும் கொஞ்ச நாள் யாரையும் நெருங்கக் கூடாது, குழந்தையைத் தூக்கக் கூடாதுன்னு உத்தரவு. அப்புறம் தானா அடங்கிடுமாம்."

"அவகிட்டச் சொல்றதுக்கென்ன?"

"கதிர்வீச்சுன்னா குழந்தையைத் தூக்கிட்டு உங்க வீட்டுக்கு ஓடிடுவாளோன்னு பயம்."

சந்தேகத்தார் தங்கையை வரவழைத்தார். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தயாராகக் கட்டிய துணிப்பெட்டியோடு வந்தாள். கதையைக் கேட்டாள். நம்புவாளா? அண்ணனோடு பிறந்தவள். சந்தேகத்தார் மாப்பிள்ளையின் கழுத்தருகே மீட்டரை நீட்டினார். அது பொரிந்து தள்ளியது.

"கழுத்து சரி. நெஞ்சுகிட்ட வச்சுப் பாருண்ணா. அங்க வேற எவளாவது இருந்தா தெரியட்டும்."

வைத்தார். அங்கும் லேசாகப் பொரிந்தது.

"அது கழுத்துலேர்ந்து வர்றதும்மா" என்றார் சந்தேகத்தார் அவசரமாக.

தங்கை புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு துணிப்பெட்டியைத் தூக்கி லாரிக்குள் வைத்தாள்.

"எல்லாம் அடங்கினப்புறம் இன்னொரு தடவை வச்சுப் பாக்கணும். அதுவரைக்கும் இவரைக் கண்ணுக்கெட்டுற தூரத்துல வச்சிருப்பேன். நான் எங்கேயும் போறதா இல்ல."