பனங்காடையின் முந்தி

ஐயம்பேட்டை பிரவீனாவிடம் எந்தப் பொருளையும் காட்டி இது என்ன நிறம் என்று கேட்டுவிடாதீர்கள். நீலம், சிவப்பு என்று ஊர் உலகம் சொல்வதுபோல் அவளுக்குச் சொல்ல வராது. ஆனந்தா ப்ளூ என்பாள், அரக்கு என்பாள், வெந்தயம் என்பாள். கணக்கு வாத்தியார் ஒருநாள் புதுச் சட்டையில் வந்தபோது, "சார், வெங்காயத்தோல் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்குது சார்" என்று மனதாரப் பாராட்டி, ஒரு முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அம்மா தேவகி வீட்டிலேயே தறி போட்டுப் பட்டுப் புடவை நெய்கிறவள். அப்பா பாண்டியன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்தான், ஆனால் அந்த ஆட்டோவுக்கும் வீட்டில் மாம்பழக் கலர் வண்டி என்றுதான் பேர். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண்ணுக்கு உலகம் முழுவதும் புடவையாகத் தெரிந்தால் அது ஒரு குற்றமா?

குற்றம்தான் என்று ஆனது சாரணியர் தேர்வில்.

ஆறாம் வகுப்பில் சாரணியர் படையில் சேர்ந்தவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. கூடாரம் அடிப்பாள், முதலுதவிக் கட்டுப் போடுவாள், முடிச்சுப் போடுவதில் அவளை அடிக்க அந்தப் பள்ளியில் ஆளில்லை. படிப்படியாக ஏறி மூன்றாம் படி வரை வந்துவிட்டாள். அதைத் தாண்டினால்தான் ஆளுநர் விருதுக்கான முகாமுக்குப் போக முடியும். மற்ற எல்லாவற்றிலும் தேறியாயிற்று. இயற்கை ஆய்வு ஒன்றுதான் பாக்கி. அதில் ஒருமுறை கவிழ்ந்தும் ஆயிற்று.

தேர்வாளர் சீனிவாசன் சார் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். நல்ல மனிதர், சிரித்த முகம். ஆனால் அவர் வைத்திருந்த விதி பொல்லாதது. தேர்வு எழுதும் பெண் ஒரு பறவையைப் பார்க்க வேண்டும். கை நீட்டக் கூடாது, பேரைச் சொல்லக் கூடாது. அவள் வர்ணிப்பதை மட்டும் கேட்டு மற்றவர்கள் அந்தப் பறவையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் தேர்வில் மற்றவர்கள் என்று நின்றது வேறு ஊர்ப் பள்ளிப் பெண்கள். வேலியோரம் ஒரு செம்போத்து நடந்துகொண்டிருந்தது. பிரவீனா ஆசையாக ஆரம்பித்தாள்.

"உடல் கறுப்புங்க. ரெண்டு பக்கமும் அரக்குல அகலமா பார்டர். முந்தியும் கறுப்புதான், நல்லா நீளமா இருக்குது..."

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "எந்தக் கடைல அக்கா?" என்றாள் இன்னொருத்தி. அதற்குள் செம்போத்து வேலிக்குள் புகுந்துவிட்டது.

"பறவைக்கு ஏதும்மா முந்தி?" என்று சீனிவாசன் சாரும் சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்துக்கொண்டேதான் ஃபெயிலும் போட்டார். இன்னொரு வாய்ப்பு உண்டு, அதுவே கடைசி.

பிரவீனா வீட்டுக்கு வந்து தறியடியில் உட்கார்ந்து அழுதாள்.

"பறவைக்கு முந்தி இல்லையாம்மா."

"அவரு அப்டித்தான் சொல்லுவாரு. நாமதான் இப்டிப் பேசியே பழகிக்கினோம்," என்று தேவகி தலையைத் தடவினாள். "அவங்க சொல்ற மாதிரியே சொல்லக் கத்துக்கயேன்."

அன்றிலிருந்து பிரவீனா ஒரு விரதமே எடுத்துக்கொண்டாள். புடவைப் பேச்சு கூடாது. தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கும்போதும் வாய் மட்டும் பழுப்பு, சாம்பல், இளநீலம், செம்பழுப்பு என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அப்பா ஆட்டோவை எடுக்கும்போது, "மஞ்சள் நிற வாகனம் கிளம்பிடுச்சா?" என்று கேட்டாள். பாண்டியன் மனைவியிடம் போய், புள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

இரண்டாம் தேர்வு ஓரிக்கையில், பாலாற்றங்கரையில் காலை வேளையில் நடந்தது. இந்த முறை கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் அவள் பள்ளியின் ஆறாம் வகுப்புக் குட்டிகள். சாரணியர் படையைப் பார்த்துக்கொள்ளும் அலமு டீச்சர் அவர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார். ஆற்று மணலில் அங்கங்கே தண்ணீர் தேங்கியிருந்தது. கரையோரம் போன மின்கம்பியில் பறவைகள் இடம் விட்டு விட்டு உட்கார்ந்திருந்தன.

பிரவீனா ஒன்றைத் தேர்ந்துகொண்டாள். பனங்காடை. பத்து நாளாக உருப்போட்டதை மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"நடுத்தர அளவுள்ள பறவை. மார்பு செம்பழுப்பு நிறம். தலையிலும் வயிற்றிலும் நீல நிறம் காணப்படும்."

புத்தகத்தில் இருந்தபடி ஓர் எழுத்துப் பிசகவில்லை. குட்டிகளும் ஒற்றுமையாக ஒரு பறவையைக் காட்டினார்கள். அது பனங்காடை இல்லை, நாலு கம்பம் தள்ளி உட்கார்ந்திருந்த மீன்கொத்தி! அதற்கும் செம்பழுப்பு உண்டு, நீலமும் உண்டு. போதாக்குறைக்குப் பளிச்சென்று வேறு இருந்தது.

"அது இல்லம்மா," என்றார் சீனிவாசன் சார், அவருக்கே வருத்தமாக. "இன்னொரு தடவை சொல்லிப் பாரு. இதான் கடைசி."

முகாம் கையை விட்டுப் போகிறது என்று பிரவீனாவுக்குத் தெரிந்துவிட்டது. போகிறதுதான் போகிறது, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று ஒரு வீம்பு வந்தது. விரதத்தைத் தூக்கி ஆற்றில் போட்டாள்.

"ஏய், நல்லா கேளுங்கடி. மீன்கொத்தி உடலே ஆனந்தா ப்ளூ. நான் சொல்றது அது இல்ல. இது உடல் வெங்காயத்தோல் கலரு, மங்கலா இருக்குது, ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. முந்தி மட்டும் ரெண்டு நீலம், பட்டை பட்டையா. ஆனா இப்ப மடிச்சு வெச்சிக்கினு இருக்குது!"

எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் சரியான கம்பத்துக்குத் திரும்பின.

"அதோ! வெங்காயத்தோல்!" என்று கத்தினாள் ஜோதிகா என்ற குட்டி. அவள் வீட்டிலும் தறி. அந்த வரிசையில் யார் வீட்டில்தான் இல்லை?

அலமு டீச்சர் கைதட்டிவிட்டார். சீனிவாசன் சார் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கம்பியையே பார்த்தார்.

"பாஸ்தான், விதிப்படி பாஸ்தான். ஆனா எனக்கு ஒண்ணும் விளங்கலையே. மங்கலா ஒரு குருவி உக்காந்திருக்கு. முந்தியும் தெரியல, நீலமும் தெரியல. எனக்கும் புரியற மாதிரி சொல்லேன், பாக்கலாம்."

பிரவீனா கொஞ்சம் யோசித்தாள்.

"சார், வீட்ல மேடத்துக்குப் பட்டுப் புடவை எடுக்கக் கடைக்குப் போயிருக்கீங்களா?"

"போகாம? மணிக்கணக்கா உக்காந்திருக்கேன்."

"கடைக்காரரு முதல்ல மடிச்ச புடவைய எடுத்து வெப்பாரு இல்ல சார்? உங்களுக்கு, இதுல என்ன இருக்குதுன்னு தோணும். அப்பறம் முந்திய உதறிப் பிரிச்சுப் போடுவாரே? அதுதான் சார் இது. பிரிக்கட்டும், பாருங்க."

"எப்ப பிரிக்கும்?"

"அது இஷ்டம் சார். கடைல உக்கார்ற மாதிரி உக்காரணும்."

மாவட்டத் தேர்வாளர், சீருடை தொப்பி சகிதம், ஆற்றங்கரைப் புல்லில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அவரைச் சுற்றி ஆறாம் வகுப்பு உட்கார்ந்தது. பனங்காடையோ சாமி சிலை மாதிரி அசையாமல் இருந்தது. இவ்வளவு பேசியாகிவிட்டது, இனி இது காலை முழுக்க இப்படியே உட்கார்ந்திருந்தால் மானம் போகும். பறந்துடு, பறந்துடு என்று பிரவீனா மனதுக்குள் கெஞ்சினாள்.

புல்லில் ஏதோ பூச்சியைப் பார்த்திருக்க வேண்டும். பனங்காடை கம்பியை விட்டுக் கீழே பாய்ந்தது. மங்கலாக இருந்த உடம்பிலிருந்து இரண்டு பக்கமும் இறக்கை விரிந்தது. வெளிர் நீலம், அதை ஒட்டிக் கருநீலம், மறுபடி வெளிர் நீலம். காலை வெயில் பட்டு அந்த நீலம் ஆற்று மணலின் மேல் தகதகவென்று போயிற்று.

"அடேயப்பா!" என்று சீனிவாசன் சார் எழுந்தே நின்றுவிட்டார். தொப்பி கீழே விழுந்ததைக் கவனிக்கவில்லை. பறவை தூரத்து மரத்துக்குப் போய்ச் சேரும்வரை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பி, கடைக்காரரிடம் கேட்பதுபோலவே கேட்டார்:

"இதே முந்தில வேற இருக்காம்மா?"

குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிரவீனா சிரிக்கவில்லை. விறைப்பாக நின்று, மூன்று விரல் சேர்த்து ஒரு சல்யூட் வைத்தாள்.

"நிறைய இருக்குது சார். ஒவ்வொண்ணா பிரிச்சுக் காட்டட்டுமா?"

முகாமுக்குப் போகிறவர்கள் வரிசையில் அவள் பேரைச் சேர்க்கச் சொல்லி அலமு டீச்சரிடம் சொல்லிவிட்டு, சீனிவாசன் சார் மறுபடி புல்லில் உட்கார்ந்தார்.