ஜெயரட்ணம் அவித்த மா

டண்டினொங்கில் ஒரு பண்டகசாலையின் இருப்புக் கணக்கைப் பார்த்து ஓய்வுபெற்ற ஜெயரட்ணத்துக்கு, தன்னைப் போல் திருத்தமான மனிதர் மெல்பேர்னில் இல்லை என்று ஓர் எண்ணம். அந்த எண்ணத்தில்தான் மகன் நொயலின் கலியாண விருந்தில் வாயைக் கொடுத்தார். சம்பந்தியம்மா ஹலினா உக்ரேன்காரர். கோதுமை மாவுக்குள் செறிப்பழத்தை வைத்து அவித்த வரெனிகி கொண்டுவந்திருந்தார். அதைச் சாப்பிட்ட ஜெயரட்ணம், "இது எங்கட கொழுக்கட்டைதானே! ரோவிலில இருக்கிற எங்கட வீட்டுக்கு வாங்கோ, நானே செய்து தாறன்" என்றார்.

ஹலினா ஒரு மரியாதைக்காவது மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

ஹலினா வருவதாகச் சொன்ன ஞாயிறும் வந்தது. மனைவி பிலோமினம்மா பூசைக்குப் போனதும் ஜெயரட்ணம் குசினிக்குள் இறங்கினார். மருமகள் ஓல்யா சொல்லியனுப்பிய வரெனிகி செய்முறையில் மாவை நிறுக்கச் சொல்லியிருந்தது; அவிக்கச் சொல்லவில்லை. பாவம், பிள்ளை மறந்துவிட்டாள் என்று நினைத்தார். பிட்டோ இடியப்பமோ, கோதுமை மாவைத் துணியில் கட்டி அவித்து அரிக்காமல் யாராவது தொடுவார்களா? பைக்கற் முழுவதையும் அவித்தார், கட்டி உடைத்தார், அரித்தார். பிறகு கிராம் பிசகாமல் நிறுத்துக் குழைத்தார்.

மா ஒட்ட மறுத்தது. தட்டினால் வெடித்தது, பழத்தை வைத்து மடித்தால் பிளந்தது. தராசில் பிழையோ என்று தராசைச் சோதித்தார். தன்னைச் சோதிக்கத் தோன்றவில்லை. வெடிப்புகளை ஈரவிரலால் பூசி மெழுகிக் கொதிநீரில் போட்டார்.

வாசல் மணி அடித்தது. ஹலினா நேரே அடுப்படிக்கு வந்து பானையை எட்டிப் பார்த்தார்.

"சூப்போ?"

"இல்லை, வரெனிகி."

"எங்கே?"

ஜெயரட்ணம் சிவந்த தண்ணீரைக் கரண்டியால் கிளறித் தேடினார். ஒரு மாக்கட்டியும் இரண்டு பழங்களும் அகப்பட்டன.

ஹலினா சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாவை விரலால் தொட்டார். "இது ஏற்கெனவே வெந்த மா!"

"ஓம், நல்லா அவிச்சனான்." சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது.

"வேறு மா?"

"முழுக்க அவிச்சுப்போட்டன்." அரைகுறை வேலைதான் அவருக்குப் பிடிக்காதே.

அப்போது பிலோமினம்மா வந்து சேர்ந்தார். பானையைப் பார்த்தார், மாவைப் பார்த்தார், கடைசியாகப் புருஷனைப் பார்த்தார். "மா அவிச்ச விதம் திறம். ஆனா இது பிட்டு மா. தள்ளி நில்லுங்கோ."

குழைக்காத மாவில் வெந்நீர் தெளித்துப் பிசறி, ஓலை நீத்துப்பெட்டியில் அவிய ஏற்றினார். மிச்சப் பழங்களைச் சீனியோடு வற்றக் காய்ச்சிப் பிட்டின்மேல் ஊற்றினார். ஹலினா சாப்பிட்டு, இன்னொரு தரமும் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார்.

"கொழுக்கட்டைக்காரருக்கு நன்றி" என்று சிரித்தார். "வீட்டுக்கும் கொஞ்சம் மா தாருங்கள்."

ஜெயரட்ணத்தின் கை தானாகத் தராசுக்குப் போனது.

"இன்னும் நிறுக்கப் போறியளே?" என்றார் பிலோமினம்மா.

கையை இழுத்துக்கொண்டார். பிலோமினம்மா சம்பந்தியோடு வாசலுக்குத் திரும்பிய பிறகுதான் அந்த மாவை நிறுத்தார்.