நல்லெண்ணெய் மணத்த துவக்கு

பாரிஸில், லா சப்பலில் ஒரு தொலைபேசிக் கடையின் பின்பக்க மேசையில் இருந்து பத்து வருடத்துக்கு மேலாகப் பிறருக்குப் படிவம் நிரப்புகிறேன். அடுத்தவர் விசயத்தில் மூக்கை நுழைப்பதையே தொழிலாக வைத்திருப்பவள் நான் ஒருத்திதான் என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். பொய்யில்லை.

2009க்குப் பிறகு வன்னியிலிருந்து வந்த சமையற்காரர் ஒருவர். அவருடைய அகதி விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். ஆயுதம் தொட்டதுண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்றார், அப்படியே எழுதினேன். சில வருடம் கழித்து, உணவகத்தில் கூட வேலை செய்தவரின் மண்டையை இரும்பு அகப்பையால் உடைத்துவிட்டார். தீர்ப்பை வாசித்துச் சொன்னதும் நான்தான். ஆறு மாதச் சிறை, ஆனால் 'சுர்சி'. அதாவது இப்போது உள்ளே போகத் தேவையில்லை, ஐந்து வருடத்துக்குள் இன்னொரு குற்றம் செய்தால் போகவேண்டும். அதோடு ஐந்து வருடம் துவக்கோ வேறு துப்பாக்கியோ வைத்திருக்கத் தடை.

"எனக்கேன் அக்கா துவக்கு?" என்று சிரித்தார்.

எனக்கு அந்தச் சட்டம் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அகப்பையால் அடித்தவருக்குத் துவக்குத் தடையா? அவருடைய வழக்கறிஞர் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். எதனால் அடித்தார் என்பதல்ல, அடித்தார் என்பதே போதும் என்றார் அவர். பெயர் அரசாங்கப் பட்டியலில் ஏறிவிடும். துவக்கை வாங்கவும் கூடாது, வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. "அப்படியென்றால் அகப்பையை ஏன் விட்டுவிட்டார்கள்?" என்று கேட்டேன். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

தீர்ப்பு வந்து மூன்றாம் வருடம் சமையற்காரர் பாரிஸுக்கு வெளியே ஆர்ஜொந்தெயில் ஒரு பழைய வீடு வாங்கினார். பால் காய்ச்சுவதற்கு முதல்நாள் நிலவறையை, இங்கே 'காவ்' என்பார்கள், துப்புரவாக்கும்போது எனக்குப் போன் எடுத்தார்.

"அக்கா, காவுக்குள்ளை அலுமாரிக்குப் பின்னாலை துவக்கு ஒண்டு கிடந்தது. முந்தி இருந்த கிழவன்ரை போல."

"ஐயோ கடவுளே! தொடாதையும். அப்பிடியே விடும்."

அவர் போனை வைத்துவிட்டார்.

வழக்கறிஞரைக் கேட்டேன். தானாகப் பொலிசுக்குச் சொன்னால் தப்பலாம், மறைத்தால் அந்த ஆறு மாதமும் தலையில் விழும் என்றார். சமையற்காரர் பெயரில் நானே பொலிசுக்குச் சொல்லிவிட்டு சென் லசாரில் ரயில் பிடித்தேன். உதவத்தான் போனேன். ஆனால் அந்தச் சாமானைக் கண்ணால் பார்க்கும் ஆசையும் இருந்தது, ஏன் மறைப்பான்.

வீடு முழுக்கக் கழுவியிருந்தது. நிலத்தில் விரித்த பேப்பரில் இரட்டைக் குழல் வேட்டைத் துவக்கு மடித்துத் திறந்தபடி கிடந்தது. பக்கத்தில் இரண்டு தோட்டா. துவக்கு மினுமினுத்தது. நல்லெண்ணெய் மணம் அடித்தது.

"உமக்கென்ன விசரே?"

"தொடாதை எண்டு நீங்கள் பிறகுதானே சொன்னனீங்கள். நான் அதுக்கு முன்னமே துடைச்சிட்டன்." கையிலிருந்த எண்ணெய்ச் சீலையைக் கீழே வைத்தார். "பிள்ளை இப்பதான் பள்ளிக்கூடம் போகத் துடங்கினவள் அக்கா. நான் உள்ளை போக ஏலாது."

பொலிசார் இருவர் வந்தார்கள். அதிகாரிப் பெண் துவக்கை முகர்ந்து பார்த்தார். யார் எண்ணெய் போட்டது, எதற்கு என்று கேட்டார்.

"நாளைக்குப் பால் காய்ச்சிறம். வீட்டிலை ஒரு ஊத்தையும் இருக்கக்கூடாது. எல்லாத்தையும் துடைச்ச மாதிரி இதையும் துடைச்சன்" என்றார் அவர்.

புதுப் பானை, பால் பொங்குவது, அது எந்தப் பக்கம் வழியவேண்டும் என்பது வரைக்கும் நான் பிரெஞ்சில் விளக்கினேன். அவர் சொல்லாததையும் சேர்த்துத்தான் சொன்னேன். அதிகாரி சமையலறையில் இருந்த பானையை எட்டிப் பார்த்தார், ஏதோ எழுதினார், துவக்கைக் கொண்டுபோய்விட்டார்.

மூன்று மாதம் எனக்கே சாப்பாடு இறங்கவில்லை, அவர் பாடு எப்படியிருந்திருக்கும்! நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்த அன்று உறையைப் பிரிக்காமலே என் மேசைக்குக் கொண்டுவந்தார். வாசித்தேன். வழக்கு இல்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"பாலுக்குத்தான் துடைச்சனீர், சரி. தோட்டாவைக் கழட்டி, குழலுக்குள்ளை சீலை விட்டு எண்ணெய் போட ஆர் காட்டித் தந்தது?"

அவர் கடிதத்தை நாலாக மடித்தார்.

"வன்னியிலை துடைக்காமல் விட்டா அடி விழும் அக்கா. அப்ப எனக்குப் பதினாறு வயசு."